‘அல்லாதவர்’ எந்த மேசையில் சாப்பிடுவது?

அமெரிக்காவின் சிறு கலைக் கல்லூரிகளில் ஒரு சொல் புழங்குகிறது: ‘நார்ப்’. ‘நான் அத்லெடிக் ரெகுலர் பர்சன்’ என்பதன் சுருக்கம். விளையாட்டு வீரர் அல்லாத சாதாரண ஆள் என்று பொருள். கேலியாகத்தான் சொல்கிறார்கள். அப்படி அழைக்கப்படுகிறவர்களே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு சிரிக்கவும் செய்கிறார்கள். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற கல்லூரிகளில் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கல்லூரி அணிகளில் விளையாடுகிறவர்கள். மீதி மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இல்லை. சிறுபான்மையில் சேராதவர் என்பதுதான் பெரும்பான்மையின் அடையாளம்!

இந்த மாதிரிப் பெயர் நமக்குப் புதிதல்ல. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட அறிக்கையை நாம் ‘பார்ப்பனரல்லாதார் அறிக்கை’ என்றுதான் அழைக்கிறோம். அதுவும் எதிர்மறைப் பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள் எண்ணிக்கையைக் கையில் எடுத்தார்கள். அரசுப் பதவிகளில் யார் எத்தனை பேர், பட்டம் பெற்றவர்களில் யார் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்டார்கள். ‘அல்லாதார்’ என்பது அந்தக் கணக்குக் கேட்பினால்தான் அரசியலானது. அந்தக் குடைக்குள் தலித் மக்களுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பது தனி விவாதம். அதை இந்தத் தளத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது, நார்ப் என்ற சொல் இன்னும் கணக்குக் கேட்காத சொல்லாக, வெறும் நகைச்சுவையாக இருக்கிறது என்பது.

அமெரிக்கப் பணக்காரக் கல்லூரியில் யார் யாரோடு சாப்பிட்டால் நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் இத்தகைய கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் எழுத்துப் பயிற்சி மையத்தில் இரண்டு ஆண்டுகள் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். நம் பிள்ளைகளை அங்கே பார்த்தேன். முழு உதவித்தொகையில் வந்தவர்கள், குடும்பத்தில் முதல் முறையாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள், தலித் வீடுகளிலிருந்தும் மிகப் பிற்படுத்தப்பட்ட வீடுகளிலிருந்தும் வந்தவர்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் கூடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் சேரும்போது யாரும் சொல்லாத விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கல்லூரிகள் எப்படிப்பட்டவை என்று பார்த்துவிடுவோம். ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்துக்குள் மாணவர்கள். பெரும்பாலும் இளங்கலை மட்டும். நான்கு ஆண்டுகளும் வளாகத்திலேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி, மற்ற இடங்களில் நடைமுறை. ஊர் மிகச் சிறியது. வில்லியம்ஸ் கல்லூரி இருக்கும் வில்லியம்ஸ்டவுன் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மலையோரக் கிராமம் என்றே சொல்லலாம். வகுப்பில் பதினைந்து பேர், பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும், மரங்கள், பனி, நூலகம். ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் செலவாகும் இந்த ஏற்பாட்டை விளம்பரக் கையேடுகள் ‘நெருக்கமான சமூகம்’ என்று விற்கின்றன.

நெருக்கமான சமூகம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் காது கூர்மையாக வேண்டாமா? அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னதைப் படித்தவர்கள் நாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில், யார் எங்கே நிற்கலாம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நகரத்தில் ஒரு கடையில் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ஊரில் ஒரே கடை.

இப்போது கணக்குக்கு வருவோம். மிச்சிகன் போன்ற பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் அணி வீரர்கள் மொத்த மாணவர்களில் மூன்று சதவீதம் அளவில்தான் இருப்பார்கள். தொலைக்காட்சியில் லட்சம் பேர் கூடும் கால்பந்து மைதானத்தைப் பார்க்கிற நமக்கு, அங்கேதான் விளையாட்டு கோலோச்சுகிறது என்று தோன்றும். உண்மையில் மாணவர் வாழ்க்கையை விளையாட்டு அணிகள் நிரப்பிக்கொள்வது சிறு கல்லூரிகளில்தான். காரணம் எளிய கூட்டல் கணக்கு. கல்லூரி சிறியது என்பதற்காக ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி பத்துப் பேரோடு ஆட முடியாது. முப்பது அணிகள் வைத்தால் 40,000 பேர் படிக்கும் இடத்திலும் அத்தனை பேர் வேண்டும், 2,000 பேர் படிக்கும் இடத்திலும் ஏறக்குறைய அத்தனை பேர் வேண்டும். ஜேம்ஸ் ஷுல்மனும் வில்லியம் போவனும் 2001இல் வெளியிட்ட ‘தி கேம் ஆஃப் லைஃப்’ என்ற நூல் இதைத்தான் புள்ளிவிவரங்களோடு பேசியது. போவன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். வெளியாள் எழுதிய வசை அல்ல அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விளையாட்டு என்றால் நம் மனத்தில் எழும் படம் வேறு. தமிழ்நாட்டில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பிடிப்பவர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளை. கபடி, கால்பந்து, ஓட்டம். வடசென்னையின் குத்துச்சண்டையும் கேரம் பலகையும் நமக்குத் தெரியும். அமெரிக்காவிலும் பெரிய பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்து, கால்பந்து அணிகளில் கறுப்பின இளைஞர்களைப் பார்க்கிறோம். ஆகவே ‘வீரர்கள் ஆதிக்கம்’ என்று சொன்னால் உழைக்கும் மக்களின் பிள்ளைகளைக் குறை சொல்வது போல நம் காதில் விழும். சிறு கலைக் கல்லூரிகளில் நிலைமை தலைகீழ். இவை தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில் இருப்பவை. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. அதற்குப் பதிலாகக் கிடைப்பது அதைவிட மதிப்புள்ள ஒன்று: சேர்க்கை. பயிற்சியாளர் ஒரு பட்டியல் தருகிறார். அந்தப் பட்டியலில் இருப்பவருக்குச் சேர்க்கை அலுவலகத்தில் தனிப் பரிவு உண்டு. விளையாட்டுகளின் பெயரைப் பாருங்கள்: ஸ்குவாஷ், படகு வலித்தல், லக்ராஸ், ஐஸ் ஹாக்கி, கோல்ஃப், பனிச்சறுக்கு. இவற்றைக் கற்க எட்டு வயதிலிருந்தே சங்கக் கட்டணம், தனிப் பயிற்சி, வாரக் கடைசியில் பிள்ளையைக் காரில் ஊர் ஊராக அழைத்துப் போகும் பெற்றோர் எல்லாம் வேண்டும். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியே 2017இல் தன் விளையாட்டுத் துறை பற்றி வெளியிட்ட அறிக்கை, அணி வீரர்கள் மற்ற மாணவர்களைவிட அதிகம் வெள்ளையர்களாகவும் வசதியானவர்களாகவும் இருப்பதை ஒப்புக்கொண்டது.

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு ஆம்ஹர்ஸ்டில் சேர்ந்த புது மாணவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 11 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக விழுந்தது. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் சலுகையை அதே கல்லூரி 2021இலேயே கைவிட்டுவிட்டது, அதற்காகப் பாராட்டலாம். ஆனால் பயிற்சியாளரின் பட்டியல் இருக்கிறது. இங்கே ‘தகுதி, திறமை’ என்று தொண்டை கிழியக் கத்துகிற நம் ஊர் அன்பர்கள், அமெரிக்காவின் மிகச் சிறந்த கல்லூரிகளில் ஸ்குவாஷ் மட்டை ஒரு தகுதியாக இருப்பதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை.

சரி, சேர்ந்தாயிற்று. வாழ்க்கை எப்படி ஓடுகிறது?

கல்லூரி திறப்பது ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில். இலையுதிர்கால விளையாட்டுகளின் அணியினர் மற்ற மாணவர்களுக்கு முன்பே வந்துவிடுவார்கள், பயிற்சிக்காக. வெறிச்சோடிய வளாகத்தில் அவர்கள் மட்டும் இருப்பார்கள். நம் பிள்ளை இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கும்போது, அங்கே ஏற்கனவே நட்புகள் உருவாகி, பட்டப்பெயர்கள் சூட்டப்பட்டு, சிரிக்கும் கதைகள் சேர்ந்திருக்கும். அறிமுக வாரத்தில் ‘எல்லோரும் புதியவர்கள்தானே’ என்று பேச்சு நடக்கும். அது பொய்.

பிறகு மாலை நேரம். சில கல்லூரிகளில் நான்கு, நான்கரைக்கு மேல் வகுப்பே வைப்பதில்லை, பயிற்சி நேரம். ஏழு மணிக்கு அணிகள் உணவுக்கூடத்துக்குள் நுழைவதை ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரே நிறத்து மேலங்கி, ஈரத் தலை, முழங்காலில் கட்டிய ஐஸ் பை, இருபது பேர் சேர்ந்து உட்காரும் நீள மேசை. அந்த மேசையில் ‘வீரர்களுக்கு மட்டும்’ என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவை இல்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்றால் அதை ஒருவர் உத்தரவிட்டார், நடத்தியவர் வ.வே.சு. ஐயர் என்று பெயர் சொல்ல முடிந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அவரை நோக்கிக் கேள்வி கேட்க முடிந்தது. இங்கே கேள்வி கேட்க ஆளே இல்லை. மேசைகள் தாமாகப் பிரிந்தன என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். சக மாணவனோடு உட்காராதது தீண்டாமை ஆகிவிடாது. ஆனால் உத்தரவு இல்லாமலே பந்தி பிரிவது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, உத்தரவோடு பிரிந்த பந்தியின் வரலாறு தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வசதி இருக்கிறது.

சனிக்கிழமை இரவு இன்னும் தெளிவாக இருக்கும். அமெரிக்காவில் மது அருந்தச் சட்டப்படி 21 வயது ஆக வேண்டும். கல்லூரியில் சேருகிறவருக்குப் பதினெட்டு. ஆக, கொண்டாட்டம் பொது இடத்தில் நடக்காது. மூத்த மாணவர்களின் தனி அறைகளில், தொகுப்பு வீடுகளில் நடக்கும். யாரிடம் பெரிய அறையும் 21 வயதும் இருக்கிறதோ அவர்தான் வாசற்காப்பாளர். முன்பு இந்த வேலையை ‘ஃபிராட்டர்னிட்டி’ எனப்படும் ஆண் மாணவர் சங்கங்கள் செய்தன. வில்லியம்ஸ் அவற்றை 1960களில் ஒழித்தது. ஆம்ஹர்ஸ்டும் கோல்பியும் 1984இல். முற்போக்கான முடிவுகள்தாம். ஆனால் அந்த வாசல் காலியாகக் கிடக்கவில்லை. மூத்தவர், இளையவர், விசுவாசம், தனி வீடு, பழைய மாணவர் வலை எல்லாம் அணிகளிடம் தயாராக இருந்தன. எடுத்துக்கொண்டார்கள். அணியினர் ஒரே கட்டடத்தில் குவிவதைக் கலைக்க வில்லியம்ஸ் 2006இல் ‘அண்டைப் பகுதி’ முறையென்று விடுதி ஒதுக்கீட்டையே மாற்றிப் பார்த்தது. மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை, சில ஆண்டுகளில் கைவிட வேண்டியதாயிற்று. அங்கே ஒரு விடுதி வளாகத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘ஆட் குவாட்’. ஒட்டாதவர்கள், வினோதமானவர்கள் ஒதுங்கும் முற்றம். அங்கே இருந்தவர்கள் அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒதுக்குப்புறத்தில்தான் நல்ல பேச்சு நடக்கும் என்பது நமக்கும் தெரிந்ததுதான்.

விளையாட்டு வீரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களிடம் பொறாமைப்பட நிறைய இருக்கிறது. முதல் நாளிலேயே இருபது பேர் துணை. இரண்டு நாள் காணோம் என்றால் தேடி வரும் பயிற்சியாளர். தோற்றால் சேர்ந்து அழ ஆட்கள். பட்டம் வாங்கியதும் நியூயார்க் நிதி நிறுவனத்தில் அதே அணியில் விளையாடிய பழைய மாணவர் எடுக்கும் தொலைபேசி. விளையாடிய ஆண்கள் பெருமளவு நிதித் துறைக்குப் போவதையும் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பதையும் ஷுல்மன், போவன் நூல் பதிவு செய்திருக்கிறது. பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வரும் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டிய அரவணைப்பு இது. ஒரு பகுதியினருக்கு மட்டும், அதுவும் பெற்றோரின் பணத்தை உடல் திறமையாக மாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கே பெரும்பாலும் அது கிடைக்கிறது என்பதுதான் சிக்கல்.

மூடிய வட்டத்துக்குள் என்ன புழுக்கும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஆம்ஹர்ஸ்ட் ஆண்கள் நெடுந்தொலை ஓட்ட அணியினர் சக மாணவிகளைப் பற்றி இழிவாகவும் இனவெறியோடும் எழுதிய மின்னஞ்சல்கள் 2016 டிசம்பரில் ஒரு மாணவர் இதழில் வெளிவந்தன. அணி இடைநீக்கம் செய்யப்பட்டது. 2020இல் அதே கல்லூரியின் லக்ராஸ் அணியினர் ஒரு கறுப்பின மாணவரின் வாசலருகே இனவசைச் சொல்லைக் கூவியதற்காக நடவடிக்கைக்கு உள்ளானார்கள். ஸ்வார்த்மோர் கல்லூரியில் எஞ்சியிருந்த இரண்டு ஆண் மாணவர் சங்கங்களும் 2019இல், அவற்றின் பழைய குறிப்பேடுகள் கசிந்து மாணவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய பிறகு கலைக்கப்பட்டன. அதே ஸ்வார்த்மோர் 2000 டிசம்பரில் கால்பந்து அணியையே கலைத்த கல்லூரி. பழைய மாணவர்கள் கொதித்தார்கள், கல்லூரி அழிந்துவிடவில்லை.

அம்பேத்கர் கொலம்பியாவில் தன் ஆசிரியர் ஜான் டூயியிடமிருந்து எடுத்துக்கொண்ட கருத்து ஒன்று உண்டு: சமூக ஊடுபரவல். சவ்வின் இரு பக்கமும் நீர் கசிந்து கலப்பது போல, ஒரு குழுவின் அனுபவம் இன்னொரு குழுவுக்குள் கசிய வேண்டும். அது நடக்காத இடத்தில் சனநாயகம் வெறும் ஆட்சி முறையாகச் சுருங்கிவிடும். ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் இந்தச் சிந்தனையை அவர் சாதிச் சமூகத்துக்குப் பொருத்தினார். சிறு கல்லூரி இந்தக் கலப்பு நடக்கத் தோதான இடம் என்றுதான் தன்னை விளம்பரப்படுத்துகிறது. ஒரே உணவுக்கூடம், ஒரே நூலகம். ஆம்ஹர்ஸ்டில் மொத்தக் கல்லூரியும் ‘வாலன்டைன்’ என்ற ஒரே கூடத்தில்தான் உண்கிறது. ஒரே கூரை போதுமா?

‘நார்ப்’ ஆகிவிட்ட பெரும்பான்மையினர் தங்களுக்குள் கலக்கிறார்களா என்றால், அவர்களும் சிறு சிறு கதவுகளைக் கட்டிக்கொள்கிறார்கள். வாத்தியம் இல்லாமல் கூடிப் பாடும் குழுக்களில் சேரக் குரல் தேர்வு உண்டு. நாற்பது பேர் வந்தால் நான்கு பேரை எடுப்பார்கள். மலையேற்றக் குழு நல்ல குழுதான். ஆனால் பனிக்காலக் காலணியும் உறக்கப் பையும் இரவல் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளவே ஓர் ஆண்டு ஆகிவிடும். 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் சாதி எப்படிப் பரவியது என்பதை விளக்கும்போது, சிலர் கதவைச் சாத்திக்கொள்ள மற்றவர்கள் தமக்கெதிராகக் கதவு சாத்தப்பட்டதைக் கண்டார்கள் என்ற பொருளில் அம்பேத்கர் எழுதினார். சாத்தப்பட்டவர்கள் தாங்களும் ஒரு கதவைச் செய்துகொள்வது அந்த இயக்கத்தின் அடுத்த படி.

இங்கேதான் நம் பிள்ளையின் கதை வேறாகிறது. அணியில் இல்லாத இந்திய மாணவர் இயல்பாகப் போய்ச் சேரும் இடம் தெற்காசிய மாணவர் சங்கம். நாற்பது, ஐம்பது பேர். பிரியாணி கிடைக்கும், பாட்டு இருக்கும், தாய்மொழியில் இல்லாவிட்டாலும் பழகிய முகங்கள் இருக்கும். முதல் மாதத்தில் எல்லாம் நன்றாகப் போகும். பிறகு குடும்பப் பெயர் என்ன என்ற கேள்வி வரும். நம்மில் பலருக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். அதைச் சொன்னால், ‘இல்லை, அதற்குப் பின்னால்?’ என்று மறுபடி கேட்பார்கள். வெஜ்ஜா, நான்வெஜ்ஜா என்று வரும். தில்லிப் பள்ளியொன்றில் படித்துவிட்டு அப்பாவின் பணத்தில் வந்திருக்கும் ஒருவர், ‘எனக்கு ஐஐடி கிடைக்காமல் போனதே கோட்டாவால்தான்’ என்று இரவுச் சாப்பாட்டில் சொல்வார். மேசை முழுக்கத் தலையாட்டும். தீபாவளிப் பூசை மாணவர் நிதியில் நடக்கும். ஏப்ரல் 14 அன்று ஒரு கூட்டம் போடலாமா என்று கேட்டால், ‘அரசியல் வேண்டாமே’ என்பார்கள்.

எழுத்து மையத்துக்கு வரும் ஒரு தம்பியிடம் ஏன் எப்போதும் உணவைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு அறைக்குப் போகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். “அங்க போனா நான் ஆடத் தெரியாதவன் அக்கா, இங்க போனா நான் கோட்டா. ரூம்ல சும்மா சாப்பிடறவன்” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதற்குமேல் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. கட்டுரையின் இரண்டாம் பத்தியைத் திருத்தினோம்.

40,000 பேர் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு சங்கம் கசந்தால் இன்னொன்று உண்டு. ஆய்வு மாணவர்கள் உண்டு, தொழிற்சங்கம் உண்டு, நகரம் உண்டு, நகரத்தில் அம்பேத்கரிய அமைப்புகள்கூட உண்டு. சிறு கல்லூரியில் இரண்டு மேசை கசந்தால் அறைதான். கல்லூரியின் அளவு இங்கே வெறும் அளவு இல்லை.

சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் கொள்கைகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். வந்தன, அவை பெரிய வெற்றிகள். 2019 டிசம்பரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தொடங்கி வைத்தது. 2021இல் மெய்ன் மாநிலத்தின் கோல்பி கல்லூரி தன் பாகுபாடு தடுப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. நான் பேசிக்கொண்டிருக்கும் அதே வகைச் சிறு கலைக் கல்லூரி அது. பிறகு கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களின் தொகுதி 2022இல், பிரவுன் பல்கலைக்கழகமும் அதே ஆண்டில். ‘ஈக்வாலிட்டி லேப்ஸ்’ அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையில், பங்கேற்ற தலித் மாணவர்களில் மூன்றில் ஒருவர் கல்விக்கூடத்தில் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கொள்கைகளுக்குப் பின்னால் இருந்த உந்துதல்களில் அதுவும் ஒன்று. இவற்றைப் பெற்றுத் தந்த தோழர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கொள்கைக்குப் புகார் வேண்டும். ‘என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை’ என்று எந்தப் படிவத்தில் எழுதுவது? கோல்பி தன் கொள்கையில் அந்த ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு முந்தைய ஆண்டு, 2020இல், 20 கோடி டாலர் செலவில் புது விளையாட்டு வளாகத்தைத் திறந்திருந்தது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது முழு நியாயமாகாது. அந்த நீச்சல் குளம் எல்லோருக்கும்தான். இருந்தாலும் மாணவர் கூடிப் பழகும் வாழ்க்கைக்காக ஒரு கல்லூரி எங்கே பணத்தைப் போடுகிறது என்பதும் அதன் கொள்கைதான்.

மனநல ஆலோசகரிடம் போனால், ‘கூச்சத்தை விட்டு வெளியே வந்து பழகு’ என்பார்கள். இந்த அறிவுரை எனக்கு எரிச்சலூட்டும். ஒரு கல்லூரி மூன்றில் ஒரு பங்கு மாணவர்களுக்கு நண்பர்களைத் தானே தேர்ந்தெடுத்து, ஒன்றாக வரவழைத்து, ஒன்றாகச் சாப்பிட வைத்து, பேருந்தில் ஊர் ஊராக அனுப்பி, அதற்குச் சம்பளத்துக்கு ஆளும் வைக்கிறது. மீதிப் பேருக்கு மட்டும் நட்பு என்பது தனிமனிதத் திறமையாகிவிடுகிறது.

மாற்று இல்லாமல் இல்லை. ஆரிகன் மாநிலத்தின் ரீட் கல்லூரி கல்லூரிகளுக்கிடையிலான அணி விளையாட்டுகளையே வைத்துக்கொள்ளவில்லை, மாணவர் சங்க வீடுகளும் இல்லை. அதனால் அது சமத்துவபுரம் ஆகிவிடவில்லை. முதலாண்டுக் கட்டாயப் பாடம் ஐரோப்பாவை மட்டுமே மையம் கொண்டிருக்கிறது என்று 2016இல் கறுப்பின மாணவர்களும் தோழமை மாணவர்களும் அந்த வகுப்பறையிலேயே மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஸ்மித் மகளிர் கல்லூரியில் விடுதிகளை ‘வீடு’ என்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளிக்கிழமை மாலை தேநீர். அசட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் வாரம் ஒரு முறை நீங்கள் போய் உட்கார ஓரிடம் இருக்கிறது, யாரும் அழைக்கத் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஓபர்லின். ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியின் மாணவர் கூட்டுறவுச் சங்கம் 1950இல் தொடங்கியது. கல்லூரி உணவுக்கூடத்தை விட்டுவிட்டு, மாணவர்களே வீடுகளில் கூடிச் சமைத்து உண்கிறார்கள். அரிசி வாங்குவது, ரொட்டி சுடுவது, அண்டா கழுவுவது எல்லாம் முறை வைத்து. பட்டியலில் உங்கள் பெயர் செவ்வாய்க்கிழமைக்கு வந்தால் செவ்வாய்க்கிழமை நீங்கள் பாத்திரம் கழுவ வேண்டும். உங்கள் அப்பா யாராக இருந்தாலும். யார் சமைத்ததை யார் சாப்பிடுவது, யார் எச்சிலை யார் எடுப்பது என்பதில்தான் சாதி ஈராயிரம் ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பட்டியலின் அருமை தெரியும். வாழ்நாளில் தன் தட்டைத் தானே கழுவியிராத ஒரு பையன் ஐம்பது பேரின் தட்டைக் கழுவுவது நல்ல கல்வி. அதற்குப் பாட மதிப்பெண்ணே தரலாம். அங்கே நட்புக்கு முன்தகுதி கிடையாது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே இரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்றால் பேசித்தான் ஆக வேண்டும்.

ஆகவே கல்லூரிகளிடம் கேட்க வேண்டியவை எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. பயிற்சியாளர் பட்டியலின் நீளத்தைக் குறை. அந்தப் பட்டியலில் வருகிறவர்களின் வர்க்கத்தையும் இனத்தையும் ஆண்டுதோறும் வெளியிடு. அணிகளுக்கு ஆகும் தலைக்கணக்குச் செலவில் ஒரு பங்கைக் கூட்டுச் சமையலறைகளுக்குக் கொடு. சாதி பற்றி அறிமுக வாரத்தில் பேசு. அந்தப் பொறுப்பைத் தெற்காசியச் சங்கத்தின் தலையில் கட்டாதே, அங்கே சாதி இருக்கிறதா என்று சாதி இந்துவிடமே கேட்பது போன்றது அது.

கையில் சேர்க்கைக் கடிதத்தோடு இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: போங்கள், கட்டாயம் போங்கள். அந்த நூலகங்களும் ஆசிரியர்களும் நமக்கும் உரியவர்கள். கையெழுத்திடும் முன் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிச் சில விஷயங்களைக் கேளுங்கள். மார்ச் மாத விடுமுறையில் உணவுக்கூடம் திறந்திருக்குமா? அணிகள் அப்போது வெயில் தேடிப் பயிற்சிப் பயணம் போய்விடும். வசதியானவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விமானச் சீட்டுக்குக் காசில்லாதவர்கள் பசியோடு கிடந்ததை ஆந்தனி ஜாக் தன் ‘தி பிரிவிலெஜ்டு புவர்’ நூலில் எழுதியபின் பல கல்லூரிகள் விழித்துக்கொண்டன, எல்லாம் அல்ல. இரண்டாம் ஆண்டில் அறை எப்படி ஒதுக்கப்படும், குழுவாகவா தனியாகவா? கூட்டுச் சமையல் வீடு உண்டா? மொத்த மாணவர்களில் அணி வீரர்கள் எத்தனை சதவீதம்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் சுற்றி வளைத்துத்தான் பதில் வரும். அந்தச் சுற்றலும் ஒரு தகவல்தான்.

ஏப்ரல் 14 அங்கே பருவம் முடியும் நெருக்கடியில் வரும். மாணவர் நிதிக்கும் அறைக்கும் பிப்ரவரியிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். அறை கிடைக்காவிட்டால் மாலை ஐந்தரைக்கு உணவுக்கூடத்துக்குப் போங்கள். அணிகள் வர ஏழு மணியாகும். அதுவரை நீள மேசைகள் காலியாகத்தான் இருக்கும்.